தரவுத்தள அட்டவணைகளைக் கட்டளை வரியில் பார்வையிடல்

ஒரு தரவுத்தளத்தில் எந்தெந்த அட்டவணைகள் உள்ளன, அவற்றின் புலங்கள் எவை, பதிவாகியிருக்கும் தரவு என்ன என்பவற்றை முனையத்தில் கட்டளையிட்டு அறியும் முறை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய மூன்றும் இதற்கான நிரலைத் தம்முடனேயே வழங்குகின்றன. வரைகலைத் திரை இல்லாத சர்வர்களில் பெரிதும் பயன்படுவது இம்முறையே.

பின்னணி

ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் உறவுசார் தரவு மாதிரியை வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974இல் வெளியிட்ட வினவல் மொழியே பின்னர் எஸ்க்யூஎல் ஆயிற்று. அட்டவணைகளைப் பற்றிய விவரமும் அட்டவணைகளாகவே இருக்க வேண்டும், அதையும் அதே மொழியில் வினவ இயல வேண்டும் என்பது காட் 1985இல் வகுத்த விதிகளுள் ஒன்று. 1992ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரம் இவ்விவரத் தொகுதிக்கு ‘இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா’ என்று பெயரிட்டது. எஸ்க்யூலைட்டில் அதற்கு இணையானது ‘எஸ்க்யூலைட்_மாஸ்டர்’ என்னும் ஒற்றை அட்டவணை.

கட்டளைகள்

மைஎஸ்க்யூஎல்லில் ‘ஷோ டேபிள்ஸ்’ அட்டவணைப் பெயர்களையும், ‘டிஸ்க்ரைப்’ ஓர் அட்டவணையின் புலங்களையும் தரவு வகைகளையும் காட்டும். போஸ்ட்கிரெஸில் இவற்றுக்குப் பின்சாய்கோட்டுடன் ‘டிடி’, ‘டி’ என்றும், எஸ்க்யூலைட்டில் முற்றுப்புள்ளியுடன் ‘டேபிள்ஸ்’, ‘ஸ்கீமா’ என்றும் தட்டச்சிடுவர். போஸ்ட்கிரெஸின் குறுக்கட்டளைகள் உள்ளே அதன் சொந்த விவர அட்டவணைகளைத்தான் வினவுகின்றன. அதன் முனைய நிரலைப் பெரிய ‘ஈ’ விருப்பத்துடன் தொடங்கினால் அந்த வினவல்களும் திரையில் தோன்றும்.

பதிவுகளைக் காண ‘செலக்ட்’ பயன்படுகிறது. பெரிய அட்டவணையில் ‘லிமிட் 10’ சேர்த்தால் 10 பதிவுகள் மட்டும் வரும். ‘ஆர்டர் பை’ இல்லாவிடில் அவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் ‘ஷோ டேபிள் ஸ்டேட்டஸ்’ இன்னோடிபி என்னும் சேமிப்புப் பொறியின் அட்டவணைகளுக்குத் தரும் பதிவு எண்ணிக்கை தோராயமானது. துல்லியமாக அறிய ‘கவுண்ட்’ வேண்டும்.

தமிழ்த் தரவு

மூன்று தரவுத்தளங்களும் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். கோவையின் நீர்நிலைகளுக்குக் ‘குளங்கள்’ என்றே அட்டவணை அமைத்து, அதில் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று பதியலாம். ‘சிங்காநல்லூர்’ என்பதில் எழுத்துகள் 7. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 13 குறியீடுகள் ஆகிறது. குறியீட்டுக்கு 3 வீதம் யுடிஎஃப்-8இல் 39 பைட்டுகள். ‘லெங்த்’ சார்பு மைஎஸ்க்யூஎல்லில் 39 என்றும், மற்ற இரண்டில் 13 என்றும் விடை தரும்.

எழுத்து 7தானே என்று புலத்துக்கு 10 என வரம்பிட்டால் போஸ்ட்கிரெஸ் பதிய மறுக்கும். கண்டிப்பு நிலை அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல் ‘சிங்காநல்ல’ என்று வெட்டிச் சேமித்து, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். எஸ்க்யூலைட் அவ்வரம்பைப் பொருட்படுத்தாது. முனையத்தில் தமிழ் நெடுவரிசைகள் கோணிக்கொண்டால், மைஎஸ்க்யூஎல்லில் வினவலின் இறுதியில் பின்சாய்கோட்டுடன் பெரிய ‘ஜி’ இட்டுப் பதிவுகளைச் செங்குத்தாகக் காணலாம்.

கல்வியில்

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் எஸ்க்யூஎல்லையும், பைத்தான் வழியே எஸ்க்யூலைட்டைக் கையாள்வதையும் கற்பிக்கிறது. ‘எஸ்க்யூலைட்_மாஸ்டர்’ அட்டவணையை வினவி மற்ற அட்டவணைகளின் பெயர்களைப் பெறுவதும் அதில் அடங்கும்.