கையேடு

கை + ஏடு. ஏடு முதலில் பனையோலை நறுக்கு. பிறகு புத்தகத் தாள். கைவிளக்கு, கைவாள் போல இங்கும் ‘கை’ சிறியது, எடுத்தாள எளியது என்று காட்டும். கேரளத்தின் காட்டாக்கடை வட்டத்து ஒற்றசேகரமங்கலத்தில் மலையாளத்திலும் ஏடு ஏடுதான். ஆனால் கையேட்டைக் கைப்புத்தகம் என்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம் நாம். ஏட்டுப் பசு புல் தின்னாது என்பார்கள் அவர்கள். இந்த இரண்டு கேலிக்கும் தப்ப வேண்டிய ஏடு கையேடு. ரப்பர் பால்வெட்டுபவரிடம் ‘கவனமாகச் சரித்து வெட்டுக’ என்பது வெறும் உபதேசம். ‘ஒட்டுமரமா? இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ, 30 பாகைச் சரிவு’ என்றால் கையேடு. ‘செயல்முறை வழிகாட்டி நூல்’ என்று நீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையேடு போதும்.