கோட்டையும் குதிரையும்

ஆட்டக்களத்தில் ஒரு கட்சி முந்திவிட்டது. ஆட்டம் முடிவதற்கு இன்னும் சிறிது நேரமே இருக்கிறது. இந்நிலையில் அக்கட்சி என் செய்தல் வேண்டும்? கிடைத்த முன்னிலையைக் காத்துக்கொள்ளும்பொருட்டு வீரர்கள் அனைவரையும் பின்னுக்கு இழுத்து, கோல் வாயிலை அடைத்து நிற்பதா? அன்றி, முன்னைப்போலவே எதிரியின் எல்லைக்குள் புகுந்து தாக்கிக்கொண்டே இருப்பதா?

கனடா முதலிய குளிர்நாடுகளில் பனித்தரைமீது ஹாக்கி ஆடுவோர் இவ்வினாவைப் பற்றி நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். நடுக்களத்தை அடைத்து எதிரியை முன்னேறவிடாமல் தடுக்கும் முறையைக் கையாண்டே, 1995ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி டெவில்ஸ் என்னும் குழு ஸ்டான்லி கோப்பையைப் பெற்றது. அதற்கு மாறாக, 2013ஆம் ஆண்டில் பாஸ்டன் குழுவை எதிர்த்து ஆடிய டொராண்டோ குழு, கடைசிப் பகுதியில் நான்குக்கு ஒன்று என முந்தியிருந்தும் இறுதியில் ஐந்துக்கு நான்கு எனத் தோற்றது. ஆகவே, இரு கட்சிக்கும் சான்று உண்டு.

மாணவ நண்பர்களே! இவ்வினாவுக்கு விடையை நான் விளையாட்டு மைதானத்தில் மட்டும் தேடப் போவதில்லை. தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் தேட விரும்புகிறேன். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், முந்தி நின்ற ஒரு படை தன் முன்னிலையைக் காக்க முயன்று அதனை இழந்த இடம் அது.

முதலில் நிலத்தின் இயல்பை மனத்தில் கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேற்கே செல்வோமாயின், பாதை மலையேறி ஓசூர் மேட்டுநிலத்தை அடைகிறது. அங்கிருந்து பெங்களூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவே. இன்று அவ்வழியில் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இயந்திர உறுப்புகளும் உருவாகின்றன. அன்றோ, அதே வழியில் பீரங்கிகளும் பொதிமாடுகளும் சென்றன. மலைக்குக் கீழே உள்ள நாட்டைப் பாராமஹால் என்றழைத்தனர். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவது வழக்கம். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை என்று குன்றுக்கு ஒரு கோட்டையாக இன்றும் அவற்றின் சிதைவுகள் நிற்கின்றன. மைசூரிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்குவோர்க்கும், கீழ்நாட்டிலிருந்து மைசூருக்கு ஏறுவோர்க்கும் இந்நாடே வாயில்.

1767ஆம் ஆண்டில் மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கும் சென்னைக் கும்பினியாருக்கும் போர் மூண்டது. ஐதராபாத் நிஜாம் ஐதருடன் சேர்ந்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் என்பவர் இருவர் சேனையையும் வென்றார். 1768 பிப்ரவரியில் நிஜாம் தனியே சமாதானம் செய்துகொண்டு விலகினார். மே மாதத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டை கும்பினியார் வசமாயிற்று. பின்னர் முள்பாகல், கோலார், ஓசூர் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. தெற்கே கர்னல் உட் என்பவர் சேலம், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் ஆகியவற்றைப் பிடித்தார். ஓசூர் கைக்கு வந்தபின் பெங்களூருக்குப் பாதை திறந்தது போலவே தோன்றியது. ஐதரே பாராமஹாலை விட்டுக்கொடுத்துப் பணமும் தர முன்வந்தார். கும்பினியாரோ அதற்கு மேலும் மிகுதியாகக் கேட்டனர், பேச்சு முறிந்தது.

இதுவே முன்னிலை. இனி, அதனை அவர்கள் காத்த முறையைக் காண்போம்.

ஐதரிடம் விரைந்து செல்லும் குதிரைப்படை மிகுதியாக இருந்தது. கும்பினியாரிடம் அது மிகக் குறைவு. ஆகையால் ஐதரைத் துரத்திப் பிடிப்பது ஸ்மித்துக்கு இயலாமற்போயிற்று. சென்னை ஆட்சிக் குழுவினர் தம் பிரதிநிதிகளைப் படையுடன் அனுப்பியிருந்தனர்; ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியும் கோலாருக்கு வந்திருந்தார். பிடித்த நாட்டின் வரி வருமானத்தின்மீது இவர்கள் கருத்துச் சென்றது. ஸ்மித்துக்கும் அப்பிரதிநிதிகளுக்கும் ஒத்துவரவில்லை. பிடித்த கோட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காவற்படை வைக்கப்பட்டது. கோட்டைகள் பெருகப் பெருக, களத்தில் நின்று போரிடும் சேனை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு பானை நீரைப் பல கிண்ணங்களில் ஊற்றி வைத்தாற்போல, வலிமை அனைத்தும் பல சிறு பங்குகளாய்ப் பிரிந்துபோயிற்று.

1768 நவம்பரில் ஐதர் ஓசூரை முற்றுகையிட்டார். அதனை மீட்கக் கர்னல் உட் விரைந்தார். விரைவாகச் செல்லவேண்டி, தம் பெரிய பீரங்கிகளையும் சாமான்களையும் ஓசூருக்கு அருகேயுள்ள பாகலூர் மண்கோட்டையில் வைத்துவிட்டுச் சென்றார். அவர் ஓசூரை அடைந்தார். ஆனால் ஐதர் பாகலூர்மீது பாய்ந்து பீரங்கிகளையும் சாமான்களையும் கவர்ந்து சென்றார். ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழந்த கதை இது. அதன்பின் உட் பதவியினின்றும் விலக்கப்பட்டார்.

அடுத்த சில வாரங்களில் ஐதர் கீழ்நாட்டில் இறங்கினார். தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு என்று பிடிபட்ட இடங்களில் பெரும்பாலானவை அவரிடம் திரும்பின. சிறு காவற்படையால் பெருஞ்சேனையைத் தடுக்க முடியவில்லை. தடுக்க முனைந்தவர்க்கும் உதவி வந்து சேரவில்லை. 1769 மார்ச்சில் ஐதர் ஸ்மித்தின் படையைச் சென்னைக்கு வெகு தொலைவில் தெற்கே இழுத்துச் சென்றார். பின்னர், தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரருடன் திடீரெனத் திரும்பி, மூன்றரை நாளில் ஏறக்குறைய 130 மைல் கடந்து பரங்கிமலைக்கருகே வந்து நின்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பதே அதன் அடிப்படை விதி. ஓராண்டுக்கு முன் பெங்களூர் வாயிலில் நின்றவர்கள், தம் தலைநகர வாயிலில் நின்று ஐதர் கேட்டதற்கு இசைந்தனர்.

இவ்வளவையும் கேட்ட மாணவர் ஒருவர், 'அப்படியாயின் தற்காப்பே தவறு. எப்போதும் தாக்குவதே நன்று' என்று முடிவு கட்டக்கூடும். அம்முடிவு அவசர முடிவு என்பது என் கருத்து. அதே போரில் ஆம்பூர்க் கோட்டை நிகழ்ச்சி நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. 1767 நவம்பரில் ஐதர் ஆம்பூரை முற்றுகையிட்டார். கால்வர்ட் என்னும் காப்டன் ஒருவர் சிறு படையுடன் ஏறக்குறைய நான்கு வாரம் அம்மலைக்கோட்டையைக் காத்து நின்றார். இறுதியில் ஸ்மித்தின் சேனை வந்தது, முற்றுகை கலைந்தது. ஆம்பூரைக் காத்தவர்களும் மதிலுக்குள் இருந்தவர்களே. ஓராண்டுக்குப் பின் கீழ்நாட்டுக் கோட்டைகளை இழந்தவர்களும் மதிலுக்குள் இருந்தவர்களே. வேற்றுமை யாது? ஆம்பூரின் பின்னே நடமாடும் சேனை ஒன்று இருந்தது. மதில் காலத்தை வாங்கிக் கொடுத்தது. சேனை அக்காலத்தைப் பயன்படுத்தியது. மறு ஆண்டில் சேனையே மதில்களுக்குள் கரைந்துவிட்டது. வாங்கிய காலத்தைப் பயன்படுத்துவோர் இல்லை.

திருக்குறளில் அரணுக்கென்று ஓர் அதிகாரம் அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அரணின் சிறப்புகளை எல்லாம் எடுத்துரைத்த வள்ளுவர், அவ்வதிகாரத்தை முடிக்குமிடத்து, செயல்திறம் இல்லாதார்க்கு எத்துணைச் சிறந்த அரணும் பயன்படாது என்ற கருத்தை வைக்கிறார். பாராமஹால் வரலாறு அக்கருத்துக்கு ஓர் உரையெனலாம்.

இனி, இதே நிலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடந்ததை நோக்குவோம். 1791ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்தினார். பெங்களூரைப் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்றும், உணவுப் பஞ்சத்தாலும் மழையாலும் திரும்ப வேண்டியதாயிற்று. ஜூலை மாதத்தில் ஓசூர் அவர் வசப்பட்டது, இராயக்கோட்டையும் பிடிபட்டது. 1768இல் பிடித்த அதே ஓசூர்தான். ஆனால் நோக்கம் வேறு. கீழ்நாட்டிலிருந்து அரிசியும் மாடும் மேலே வருவதற்குரிய கணவாயைத் திறந்து வைப்பதற்காகவே இக்கோட்டைகள் அவருக்கு வேண்டியிருந்தன. நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் தளபதி கிருஷ்ணகிரியை இரவில் தாக்கினார். கீழே இருந்த பேட்டை பிடிபட்டது. மலைமேற் கோட்டை பிடிபடவில்லை. ஏணி வைத்து ஏற முயன்றவர்களைத் திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டி விரட்டினர். அதற்காகக் காரன்வாலிஸ் தம் பெரும்படையைக் கிருஷ்ணகிரியில் முடக்கவில்லை. 1792 பிப்ரவரியில் நேரே ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கினார். அங்கு ஏற்பட்ட உடன்படிக்கையால், போரில் வீழாத கிருஷ்ணகிரியும் பாராமஹால் முழுவதும் கும்பினியார் கைக்கு வந்தன. ஒரு தோட்டா செலவின்றிக் கிருஷ்ணகிரி மலைக்கதவு அவர்களுக்குத் திறந்தது.

மீண்டும் ஆட்டக்களத்துக்கு வருவோம். 1980 ஜூலையில் மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா ஸ்பெயினை எதிர்த்தது. நம் குழுவின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல்களும் கௌசிக் ஒன்றும் அடிக்க, இந்தியா மூன்றுக்குச் சுழி என முந்தியது. ஸ்பெயின் விரைவில் இரண்டைத் திருப்பியது. அப்போது இந்தியா வாயிலை மட்டும் அடைத்து நிற்கவில்லை. முகமது ஷாகித் நான்காவது கோலை அடித்தார். பின்னர் ஸ்பெயினின் அமாத் மேலும் ஒரு கோல் போட்டார். ஆட்டம் நான்குக்கு மூன்று என்று முடிந்தது. இந்தியா தங்கம் பெற்றது. அந்த நான்காவது கோல் இல்லாதிருப்பின் முடிவு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இருபது ஆண்டு கழிந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே பாஸ்கரன் இந்தியக் குழுவின் பயிற்சியாளர். போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா ஒன்றுக்குச் சுழி என முந்தியிருந்தது. இறுதி நிமிடங்களில் போலந்து ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது, அரையிறுதி கைநழுவிற்று. ஒரே ஒரு கோல் முன்னிலை எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டா.

எனினும் நேர்மையாக மறுபக்கத்தையும் கூறவேண்டும். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் வெண்கலப் பதக்கத்துக்காக இந்தியா ஜெர்மனியுடன் ஆடியது. ஐந்துக்கு நான்கு என இந்தியா முந்தியிருந்தது. கடைசிச் சில விநாடிகளில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அந்நேரத்தில் தாக்குதலைப் பற்றிப் பேசுவது பேதைமை. கோல்காவலர் ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவ்வாட்டத்தில் ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கியிருந்த இந்தியாவே தொடர்ந்து தாக்கி ஐந்து கோல்களை எட்டியிருந்தது. ஸ்ரீஜேஷ் காத்தது அத்தாக்குதல் ஈட்டிய செல்வத்தை.

போருக்கும் ஆட்டத்துக்கும் முக்கியமான வேற்றுமைகள் இரண்டு உண்டு. முதலாவது, அடித்த கோலை எதிரி திரும்பப் பறிக்க முடியாது. பிடித்த கோட்டையைப் பறிக்க முடியும். இரண்டாவது, ஆட்டத்தில் காலம் முடிந்ததும் ஊதல் ஒலிக்கும். போரில் ஊதல் இல்லை. முடிவு எப்போது என்று தெரிந்தவன் அந்த முடிவுவரை தாங்கி நிற்க எண்ணுவதில் நியாயம் உண்டு. முடிவு தெரியாதவன் வெறுமனே தாங்கி நிற்பானாயின், முடிவை எதிரியின் விருப்பத்துக்கு விட்டவனாவான். 1768இல் கும்பினியார் செய்தது இதுவே. அவர்களுக்கென்று ஊதல் ஊத யாரும் இல்லை. ஐதரே பரங்கிமலைக்கு வந்து ஆட்டத்தை முடித்துவைத்தார்.

ஆகவே என் முடிவு இது: முன்னிலையைக் காப்பது தவறன்று, காக்கும் முறையில்தான் நன்மையும் தீமையும் உள்ளன. முடிவு நெருங்கி, எண்ணக்கூடிய நேரமே எஞ்சியிருக்கும்போது பின்வாங்கிக் காக்கலாம். நேரம் நிறைய இருக்கும்போது, தாக்கும் ஆற்றலைக் குறைக்காமல் காத்தல் வேண்டும். பின்னால் நிற்கும் காவலர் தடுத்த பந்தைப் பெற்றுக்கொண்டு முன்னே ஓட ஒருவராவது இருத்தல் வேண்டும். எதிரிக்கும் தன் வாயிலைப் பற்றிய கவலை இருந்தால்தான், அவன் தன் வலிமை முழுவதையும் நம்மீது செலுத்த மாட்டான்.

இன்னும் ஒரு சொல். ஆட்டத்தில் தோற்றவர் வீடு திரும்பலாம். பாராமஹால் குடியானவனுக்கு அவ்வசதி இல்லை. எதிரிக்கு உணவு கிட்டாதிருக்க விளைநிலங்களைப் பாழ்படுத்துவது அக்காலப் போர்முறை. ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய கோட்டைகளின் அடிவாரத்தில் கேழ்வரகு விதைத்தவன் எந்தக் கட்சியையும் சேர்ந்தவனல்லன்; எந்த முன்னிலையும் அவனுடையதன்று. 1792க்குப் பின் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் அவன் நிலத்தை அளந்து வரி விதிக்க வந்தபோதுதான், அவன் பெயர் கணக்கேட்டில் ஏறியது. நீங்கள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குச் செல்லும்போது, மதிலை மட்டும் பார்க்காமல் கீழே விரியும் வயல்களையும் பாருங்கள். அந்நாளில் அடியை ஏற்றவை அவ்வயல்களே.