ஆடிய ஜீப்பும் நான் எழுதிய அறிக்கையும்

போன மாதம் என் அண்ணன் பேரன் கோவையிலிருந்து போன் செய்தான். பழைய ஜீப் ஒன்று வாங்கி, ஸ்பிரிங் மாற்றி உயர்த்தி, பெரிய டயர் போட்டிருக்கிறான். "தாத்தா, 40-ஐத் தாண்டினா தரை பூரா உறுமுது. வீல் பேலன்ஸ் ரெண்டு தடவை பார்த்தாச்சு. கிராஸும் புதுசு போட்டாச்சு. யார்கிட்டக் காட்டினாலும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க" என்றான்.

அவனுக்குப் பதில் சொல்லி முடித்த பிறகும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே உறுமலால் 1986-இல் நான் ஒரு தப்பு செய்தேன். அதை இதுவரை எழுதியதில்லை.

அப்போது வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒர்க்ஷாப் பொறுப்பு எனக்கு. வயது 34. எஸ்டேட்டில் ஒரு ஜீப் இருந்தது. பகலில் துரை முதல் கணக்கப்பிள்ளை வரை அதில்தான் போவார்கள். ராத்திரியில் அதுதான் ஆம்புலன்ஸ். பிரசவ வலி கண்ட பெண்களை 40 கொண்டை ஊசி வளைவும் இறக்கி, ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் செலவு தாங்காமல், அந்தக் காலத்தில் பலரும் செய்தது போல, அதற்கு டீசல் எஞ்சின் ஏற்றினோம். புது எஞ்சினின் அடிப்பாகம் முன் ஆக்ஸிலில் இடித்தது. ஆகவே எஞ்சினின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தோம். எஸ்டேட் ரோட்டுக் கல்லில் அடி தட்டாமல் இருக்க, ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டு வண்டியையும் உயர்த்தினோம். பார்க்க ஜோராக நின்றது.

ஒரு மாதத்தில் ஆட்டம் ஆரம்பித்தது. 35-இல் மெல்லிய உறுமல், 40-க்கு மேல் கியர் கம்பி கையில் நிற்காது. ஆறு மாதத்தில் பின் ஷாஃப்டின் கிராஸ் மூன்று முறை போனது. நான் டிரைவரைச் சந்தேகித்தேன். கிளட்சை உதறி விடுகிறார், அதனால்தான் கிராஸ் அடிபடுகிறது என்று மேலே அறிக்கை எழுதினேன். அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு நின்றுபோயிற்று. அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். "நான் அப்படி ஓட்டறதில்லீங்க சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

நான்காவது கிராஸும் சத்தம் போட ஆரம்பித்ததும், பொள்ளாச்சியில் ஒரு வயதான மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். டிரைவரும் கூட வந்தார்.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஆழியாறு ரோட்டில் ஓட்டச் சொன்னார். 45-இல் கிளட்சை மிதிக்கச் சொன்னார். எஞ்சின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. "அப்ப எஞ்சின் இல்லீங்க" என்றார். மூன்றாவது கியரிலும் டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார். கியர் மாறினாலும் உறுமல் மாறவில்லை. ஸ்டியரிங் ஆடுகிறதா என்று கேட்டார். இல்லை. "அப்ப முன் வீலும் இல்லீங்க தம்பி."

பட்டறைக்குத் திரும்பியதும் பின் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கர இழுப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஃபோர் வீல் வண்டியில் இப்படி ஒரு வசதி உண்டு. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில். பின் ஷாஃப்ட் இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. அதனால் நிறுத்தும் இடத்திலெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். ஓட்டிப் பார்த்தால் வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. குற்றவாளி பின் ஷாஃப்ட்தான் என்று உறுதியாயிற்று.

ஆனால் ஷாஃப்ட் நேராக இருந்தது. கிராஸும் புதிது. பிறகு என்ன கோளாறு? அன்று எனக்குப் புரியவில்லை. ரிட்டயர் ஆன பிறகு தேடிப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

நாம் கிராஸ் என்று சொல்லும் அந்த மூட்டுக்கு ஐரோப்பாவில் கார்டான் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயர் அது. ஆனால் அதன் குணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கின் இழுவிசை விதிக்காகப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே ஹூக்தான். 1676-இல் வெளியிட்ட நூலில் அவர்தான் இதற்கு யுனிவர்சல் ஜாயின்ட் என்ற பெயரையும் எழுதினார்.

ஹூக் கண்டது இது. இரண்டு தண்டுகளை இந்த மூட்டால் இணைத்து, கோணமாக வளைத்து வைத்துச் சுழற்றினால், முதல் தண்டு சீராகச் சுற்றினாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வெயில் கடிகாரத்தில் நிழல் மணிக்கு மணி ஒரே அளவு நகராது அல்லவா? அந்தக் கணக்கும் இந்த மூட்டின் கணக்கும் ஒன்று என்று கண்டு, நிழலின் நகர்வைக் காட்ட இந்த மூட்டைப் பயன்படுத்தலாம் என்றார் அவர். மோட்டார் வண்டி வர இன்னும் 200 வருஷம் இருந்தது.

15 பாகைக் கோணத்தில் இந்த முந்தலும் பிந்தலும் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் போகும். சிறிது என்று தோன்றும். ஆனால் எங்கள் ஜீப் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் நிமிஷத்துக்குச் சுமார் 1,600 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு என்றால் நிமிஷத்துக்கு 3,200 உதறல். நாங்கள் கேட்ட உறுமல் அதுதான்.

இதற்கு மருந்து ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டு. முதல் மூட்டு முந்தும்போது இரண்டாவது பிந்தி, கணக்கைச் சரி செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு மூட்டிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும்.

ஆரம்பக் கார்கள் பலவற்றில் சைக்கிள் போலச் சங்கிலிதான் பின் சக்கரத்தைச் சுழற்றியது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர், கிரீஸ் சிந்தாமல் தூசி புகாமல் மூடிய மூட்டுக்கு 1903-இல் காப்புரிமை வாங்கி, அடுத்த வருஷமே தயாரிக்க ஆரம்பித்தார். சங்கிலி மெல்ல மறைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஜீப்புகளின் ஷாஃப்டிலும் இந்த வகை மூட்டுத்தான். 1947 முதல் மஹிந்திரா அந்த ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கியபோது அதுவும் கூடவே வந்து சேர்ந்தது.

ஜீப்பின் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே 80 அங்குலம்தான். அதில் எஞ்சினும் கியர்பாக்ஸும் போக, பின் ஷாஃப்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ இரண்டடி. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினாலே ஷாஃப்டின் சாய்வு சுமார் ஐந்து பாகை கூடிவிடும். நீள லாரிக்குப் பெரிதாகத் தெரியாத மாற்றம் ஜீப்புக்குப் பெரிய மாற்றம்.

மேஸ்திரி ஹூக் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கம்பி பிரஷ்ஷால் ஷாஃப்டின் அழுக்கைத் தேய்த்தார். அதன் நடுவில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசை அருகே இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். எங்கள் ஷாஃப்டில் பல் தள்ளிப் பூட்டியிருந்தது.

"இதை யாருங்க பூட்டினது?" என்று கேட்டார்.

"எங்க ஒர்க்ஷாப்லதான்" என்றேன். பூட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பல்லைச் சரியாகச் சேர்த்ததும் பாதி உறுமல் போயிற்று. மீதிக்கு, தூக்குக் குண்டு கட்டி, தன் மகனின் பள்ளிக்கூடக் கோணமானியை வாங்கி அளந்தார். எஞ்சினின் முன்பக்கத்தை நாங்கள் தூக்கியதால் கியர்பாக்ஸின் வால் இறங்கியிருந்தது. பின் ஆக்ஸிலின் மூக்கு மட்டும் பழைய நிலையிலேயே இருந்தது. முன் மூட்டில் 11 பாகை, பின் மூட்டில் 15. நான்கு பாகைக்கு இரும்பில் ஆப்புத் தகடு இரண்டு இழைத்து, ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைத்து யூ போல்ட்டை முறுக்கினார். மூக்கு நிமிர்ந்தது. கோணங்கள் சமமாயின.

திரும்பும்போது டிரைவர் ரோட்டின் சமதளத்தில் 50 வரை விட்டுப் பார்த்தார். கியர் கம்பி அசையவில்லை. "இனி ராத்திரி சவாரிக்குப் பயமில்லீங்க சார்" என்றார். இருட்டில், வளைவில், வலியில் துடிக்கும் பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஷாஃப்ட் எப்போது அறுந்து விழுமோ என்று அவர் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இன்னொரு அறிக்கை எழுதினேன். மாற்றம் செய்தது ஒர்க்ஷாப், தப்பாகப் பூட்டியதும் ஒர்க்ஷாப், டிரைவர் மேல் குற்றமில்லை என்று. உயர்வு அடுத்த வருஷம்தான் கிடைத்தது. போன வருஷத்துப் பணம் வரவில்லை. என் பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுக்கவும் இல்லை. அவர் ரிட்டயர் ஆகும்வரை அது அங்கேயே இருந்தது. என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் அவரிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அம்புக்குறியைப் பார், இரண்டு மூட்டின் கோணத்தையும் அள என்று மட்டும் சொன்னேன். போன ஞாயிறு கூப்பிட்டான். பின் மூட்டில் ஆறு பாகை அதிகமாம், ஆப்புத் தகடு போடப் போகிறானாம். "மெக்கானிக் சரியில்ல தாத்தா, அவரைத்தான் சொல்லணும்" என்றான்.

"ஸ்பிரிங்கை மாத்தச் சொன்னது யாருடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான்.