2018: தெருவில் மீட்கப்பட்ட சட்டம்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வலுப்படுத்தியது மோடி அரசுதான் என்று நம்மவர்களே சிலர் சொல்லக் கேட்கிறோம். 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது உண்மை. ஏப்ரலை விழுங்கிவிட்டு ஆகஸ்டை மட்டும் பேசுவதுதான் பிரச்சினை.

அந்த ஆண்டு பிறந்ததே கல்வீச்சோடு. ஜனவரி 1 அன்று பீமா கோரேகான் போரின் 200-ஆம் ஆண்டு நினைவுக்காக லட்சக்கணக்கில் திரண்ட தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். பிரகாஷ் அம்பேத்கரின் அழைப்பில் ஜனவரி 3 அன்று மகாராஷ்டிரம் முடங்கியது. கலவரத்தைத் தூண்டியவர்களைத் தேட வேண்டிய காவல் துறை, ஜூனில் சுதிர் தவாலே, சுரேந்திர காட்லிங், ஷோமா சென் உள்ளிட்ட ஐவரைக் கைது செய்தது. ஆகஸ்டில் சுதா பரத்வாஜ், வரவர ராவ் என்று பட்டியல் நீண்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

மார்ச் 20-க்கு வருவோம். 1927-இல் அதே நாளில்தான் அண்ணல் அம்பேத்கர் மகத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். 91 ஆண்டு கழித்து அதே நாளில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் அமர்வு ஒரு தீர்ப்பு தந்தது. வழக்கு மகாராஷ்டிரத்தின் ஒரு அரசுக் கல்லூரி ஊழியர் தன் மேலதிகாரிகள் மீது கொடுத்த புகாரிலிருந்து கிளம்பியது. தீர்ப்போ நாடு முழுவதற்கும் பொருந்தியது. புகார் வந்தால் முதலில் டிஎஸ்பி விசாரிக்கலாம். அதற்குப் பிறகுதான் முதல் தகவல் அறிக்கை. அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேண்டும், மற்றவர்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். முகாந்திரம் இல்லையென்றால் முன்பிணையும் தரலாம். சேரியிலிருந்து காவல் நிலையம் வரை நடந்து போய்ப் புகார் எழுதிக் கொடுப்பதே எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். எதிராளியின் ஆட்கள் வந்து பேசி முடிக்க ஒரு வார அவகாசம், அவ்வளவுதான்.

தீர்ப்புக்குச் சொன்ன காரணம் இன்னும் மோசம். 2015-இல் நீதிமன்றங்கள் முடித்த 15,638 வழக்குகளில் 11,024 விடுதலையிலோ விடுவிப்பிலோ முடிந்தன, தண்டனை 4,119-இல் மட்டும் என்ற கணக்கு தீர்ப்பில் இருக்கிறது. இதை வைத்துச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்றார்கள். விடுதலை என்றால் பொய் வழக்கா? பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997-இல் 58 பேர் கொல்லப்பட்டார்கள். 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுவித்தது. 58 பேரும் பொய்யாகவா செத்தார்கள்? கீழ்வெண்மணியில் 44 உயிர்களை எரித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் மிராசுதார்களை விடுவித்தது. அந்தப் படுகொலைக்கு 50 ஆண்டு நிறைந்ததும் இதே 2018 டிசம்பரில்தான். சாட்சியை மிரட்டுவது, விசாரணையை ஓட்டை போடுவது, பத்து ஆண்டு இழுப்பது, கடைசியில் விடுதலை. பிறகு அந்த விடுதலையையே காட்டிச் சட்டத்தின் பல்லைப் பிடுங்குவது.

ஏப்ரல் 2 முழு அடைப்புக்கு ஒற்றைத் தலைவர் இல்லை, ஒரு கட்சியும் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய அழைப்பு. வட இந்தியாவில் ரயில்கள் நின்றன. குவாலியர், பிண்ட், மொரேனா, ஆழ்வார், முசாபர்நகர் என்று பரவிய வன்முறையில் ஒன்பது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் தலித்துகள். குவாலியரில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுடும் காணொளியை நாடே பார்த்தது. மறுநாள் ராஜஸ்தானின் இந்தௌனில் ஒரு தலித் எம்.எல்.ஏ., ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வீடுகளுக்கே தீ வைத்தார்கள். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாக இருந்தும் சாதி தப்பவிடவில்லை. தமிழ்நாடு அந்த வாரம் காவிரிக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது; ஏப்ரல் 5 முழு அடைப்பும் அதற்காகத்தான். நியாயமான கோரிக்கைதான். ஆனால் குவாலியரின் பிணங்களுக்கு இங்கே ஒரு தெருவாவது அடைபட்டிருக்கலாம்.

மத்திய அரசு மறுஆய்வு மனு போட்டது எந்த நாளில்? ஏப்ரல் 2-இல். தீர்ப்பு வந்து 13 நாள் கழித்து, தெருவில் ரத்தம் விழும்போது. மறுநாள் தீர்ப்பை நிறுத்தி வைக்க நீதிமன்றம் மறுத்தது. அதன்பின் நான்கு மாதம் இழுத்தடிப்பு. ஜூலையில் ஓய்வுபெற்ற கையோடு நீதிபதி கோயலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத் தலைவர் பதவி வந்தது. கூட்டணியிலிருந்த பாஸ்வான் கட்சியே முறைத்தது. ஆகஸ்ட் 9-இல் மீண்டும் பந்த் என்று தலித் அமைப்புகள் அறிவித்தன. அமைச்சரவைக்கு அப்போதுதான் அவசரம் வந்தது. ஆகஸ்ட் 6-இல் மக்களவை, 9-இல் மாநிலங்களவை. ஆம், பந்த் அறிவித்த அதே 9. கோரக்பூர், பூல்பூர் இடைத்தேர்தல்களில் வாங்கிய அடியும் நினைவில் இருந்திருக்கும்.

குடியரசுத் தலைவர் ஆகஸ்ட் 17-இல் கையெழுத்திட்டார். மார்ச் 20-இலிருந்து 150 நாள். அந்த இடைவெளியில்தான், மே 28 இரவில், சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் நம் மக்கள் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2022-இல் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது இந்தச் சட்டமும் சேர்ந்த வழக்கில்தான்.

திருத்தத்தை எதிர்த்து ஆதிக்க சாதி அமைப்புகள் செப்டம்பர் 6 அன்று ஒரு பந்த் நடத்தின. இரண்டு பந்துகளுக்கும் விழுந்த பிணங்களை எண்ணிப் பாருங்கள், துப்பாக்கி யார் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்.

2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. தண்டனை குறைவதற்குப் புலனாய்வுக் கோளாறும் காரணம் என்று அப்போது ஒப்புக்கொண்டார்கள். 2020 பிப்ரவரியில் திருத்தமும் செல்லும் என்றாயிற்று.

ஏப்ரல் 2-க்காக வழக்கு வாங்கிய இளைஞர்களோ அப்படியே கிடந்தார்கள். 2018-இன் கடைசி நாளில் மாயாவதி, அந்த வழக்குகளைத் திரும்பப் பெறாவிட்டால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தானில் புதிய காங்கிரஸ் அரசுகளுக்குத் தரும் ஆதரவை மறுபரிசீலனை செய்வோம் என்றார். மறுநாளே மத்தியப் பிரதேசச் சட்ட அமைச்சர் வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தார். அது போராடியவர்கள் மீதான வழக்குகளுக்கான அறிவிப்பு. சுட்டவர்களைப் பற்றி இனிமேல்தான் கேட்க வேண்டியிருந்தது.