இலிதியம் அயன் மின்கலமும் அதன் காவலும்: ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் ஆற்றலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொறி எத்துணை விரைவாக ஓடிற்று, எத்துணைச் சுமையை ஏற்றது என்பன விரிவாகக் கூறப்படும். தன்னைக் கையாள்பவனுக்கு அது ஊறு செய்யாதிருக்கும் பொருட்டு எத்தகைய காவல்கள் அமைக்கப்பட்டன என்பதோ அடிக்குறிப்பளவில் நின்றுவிடும். இலிதியம் அயன் மின்கலத்தைப் பொறுத்தவரை இவ்வாறு எழுதுதல் பொருந்தாது. அக்கலம் மக்களின் கையை எட்டியதே அதன் காவல் கண்டறியப்பட்ட பின்னர்தான். அக்காவலினின்றும் கலம் பிரிக்கப்பட்டபோது நேர்ந்தது யாது என்பதை இலத்திரனியல் சிகரட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

உலோகங்களுள் மிக இலேசானது இலிதியம். தன் இலத்திரனை எளிதில் இழக்கும் இயல்பினது. மின்கலத்துக்கு இதனினும் ஏற்ற பொருள் அரிது. நீரோடும் வளியோடும் விரைந்து தாக்கமுறுவதும் அதே இயல்பினாலேயே. 1970 களில் எண்ணெய்த் தட்டுப்பாட்டின் நெருக்கடி உலகை வருத்தியபோது, எக்சொன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்ரான்லி விற்றிங்காம் என்னும் ஆங்கிலேய இரசாயனவியலாளர் தைத்தேனியம் இருசல்பைட்டை ஒரு மின்வாயாகவும் இலிதிய உலோகத்தை மற்றைய மின்வாயாகவும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலமொன்றை ஆக்கினார். 1976 இல் அதுபற்றிய கட்டுரை வெளியாயிற்று. ஆயின், மின்னேற்றுந்தோறும் இலிதியம் சமமாகப் படியாது, ஊசிபோன்ற கிளைகளாக வளர்ந்தது. அக்கிளைகள் எதிர் மின்வாயைத் தொட்டவிடத்துக் குறுஞ்சுற்று உண்டாகித் தீ மூண்டது. அவ்வாய்வுகூடத்துத் தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினர் பன்முறை வரவேண்டியிருந்தது.

இக்குறை ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவில் இயங்கிய மோலி எனேர்ஜி என்னும் கம்பனி இலிதிய உலோகத்தையும் மொலித்தனம் இருசல்பைட்டையும் கொண்ட கலங்களை 1980 களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1989 இல் யப்பானில் அக்கலம் பொருத்திய கையடக்கத் தொலைபேசி தீப்பற்றியது. கலங்கள் மீளப்பெறப்பட்டன, கம்பனியும் நிலைகுலைந்தது. இலிதியத்தை உலோகமாக வைத்துக்கொண்டு அதனைப் பொதுமக்கள் கையிற் கொடுத்தல் அந்நாளைய தொழினுட்பத்துக்கு இயலாதென்பது அந்நிகழ்ச்சியால் உறுதியாயிற்று.

விடை வேறு திசையினின்று வந்தது. 1980 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்டினாவும் அவர்தம் குழுவினரும் இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு ஏறத்தாழ 4 உவோற்று அழுத்தம் தரவல்ல மின்வாயாகும் எனக் காட்டினர். 1985 இல் யப்பானின் அசாகி கசெய் நிறுவனத்தைச் சேர்ந்த அக்கிரா யோஷினோ, எதிர்ப்புறத்தில் இலிதிய உலோகத்தை நீக்கி, அயன்களைத் தன் படைகளினிடையே ஏற்று வைத்திருக்கும் காபன் பொருளை அமர்த்தினார். இலிதியம் இனி உலோகமாக நில்லாது, அயனாக இருபுறமும் சென்று மீள்வதாயிற்று. 1986 இல் யோஷினோ தம் கலத்தின்மீது இரும்புப் பாளமொன்றை வீழ்த்திப் பரிசோதித்தார். இலிதிய உலோகக் கலம் கடுமையாகத் தீப்பற்ற, புதிய கலம் தீப்பற்றாதிருந்தது. இலிதியம் அயன் கலம் பிறந்தது அன்றுதான் என அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1991 இல் சோனி நிறுவனம் இக்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. விற்றிங்காம், குட்டினா, யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் அபாயம் முற்றாக அகன்றுவிடவில்லை. அஃது எல்லைக்குள் அடக்கப்பட்டது என்பதே பொருந்தும். கலத்தினுள் இருக்கும் மின்பகுபொருள் எரியத்தக்க சேதனக் கரைப்பான்களாலானது. மின்வாய்கள் இரண்டையும் பிரித்து நிற்பது ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் இரண்டு பங்கு தடிப்பினதாகிய நுண்டுளைப் படலமே. கலம் அளவுக்கு மீறிச் சூடாயின் உள்ளே நிகழும் தாக்கங்கள் மேலும் வெப்பத்தை வெளிவிடும்; அவ்வெப்பம் தாக்கங்களை இன்னும் விரைவுபடுத்தும். வெப்பமே வெப்பத்தை வளர்க்கும் இந்நிலை தொடங்கியபின் நிறுத்துதல் அரிது.

இதனை உணர்ந்த ஆக்குநர் காவலைப் பல படிகளாக அமைத்தனர். பொலியெதிலீன் படலம் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் உருகித் தன் துளைகளை மூடி அயன்களின் போக்கைத் தடுக்கும். உள்ளே அமுக்கம் மிகும்போது வாயுவை வெளிவிடும் வாயில் கலத்தின் தலைப்பில் அமைந்தது. இவற்றுக்கும் மேலாக, கலங்கள் தனித்து விற்கப்படாது, மின்சுற்றுப் பலகையொன்றோடு இணைத்து உறையிட்ட மின்கலவடுக்காகவே விற்கப்பட்டன. அழுத்தம் 4.2 உவோற்றை எட்டியதும் மின்னேற்றத்தை நிறுத்துவது, மிகையாக இறங்காது காப்பது, ஓட்டம் எல்லை மீறின் சுற்றைத் துண்டிப்பது ஆகியன அப்பலகையின் பணிகளாயின. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமுமுடைய உருளைக் கலம், அவ்வளவுகளாலேயே ‘18650’ எனப் பெயர்பெற்று, மடிக்கணினிகளினுள்ளே கோடிக்கணக்கில் இடம்பெற்றது. அதனைக் கண்ணாற் கண்டவர் சிலரே.

இத்துணைக் காவலும் தவறியதுண்டு. 2006 ஓகத்து மாதத்தில் டெல் நிறுவனம் சோனி கலங்களைக் கொண்ட 41 இலட்சம் மடிக்கணினி மின்கலவடுக்குகளை மீளப்பெற்றது. ஆக்கத்தின்போது கலத்தினுட் புகுந்த நுண்ணிய உலோகத் துணிக்கைகளே காரணமெனக் கண்டறியப்பட்டது. தவறு நேர்ந்தபோது பொறுப்பேற்க வேண்டியவர் யாவர் என்பதில் அங்கு ஐயமிருக்கவில்லை. ஆக்கியவர் பொறுப்பேற்றனர், பயன்படுத்தியவர் பொருளைத் திருப்பியனுப்பினர்.

இந்நிலையை மாற்றியது இலத்திரனியல் சிகரட்டு. புகையிலையை எரிக்காது ஆவியை மின்னாற் பெறும் கருவிக்கு அமெரிக்கரான ஹேபேட் கில்பேட் 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அது சந்தையில் வேரூன்றவில்லை. 2003 இல் சீன மருந்தாளர் ஹொன் லிக் ஆக்கிய கருவி அடுத்த ஆண்டு சீனாவில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்தது. தொடக்ககாலக் கருவிகள் பேனா அளவின. அவற்றின் சிறு கலம் உள்ளேயே பொதிந்திருந்தது. கூடுதலான ஆவியையும் நீடித்த பயன்பாட்டையும் வேண்டிய பயன்பாட்டாளர் பெரிய கலங்களை நாடினர். கழற்றி மாற்றத்தக்க 18650 கலம் கருவியினுள் இடம்பெற்றது. ‘மெக்கானிக்கல் மோட்’ எனப் பெயர்பெற்ற ஒரு வகையோ வெறும் உலோகக் குழாயும் ஓர் அழுத்தானும் மட்டுமே. மின்சுற்றுப் பலகை அதில் இல்லை.

மடிக்கணினியின் உட்புறத்திற்கென வகுக்கப்பட்ட கலம் இவ்வாறு சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. அதன் அமைப்பை நோக்கின் இம்மாற்றத்தின் கடுமை விளங்கும். கலத்தின் உருக்கு உடல் முழுவதும் எதிர்முனையாகும். நேர்முனை தலைப்பிலுள்ள சிறு குமிழ் மாத்திரமே. இரண்டையும் அங்கே பிரித்து நிற்பன ஒரு காவலி வளையமும் மெல்லிய பிளாத்திக்கு உறையுமே. அவ்வுறை கிழிந்திருப்பினும், பையிற் கிடக்கும் சாவியோ நாணயமோ இருமுனைகளையும் ஒருங்கே தொடினும், குறுஞ்சுற்று உண்டாகும். 2.5 அம்பியர் மணிக் கொள்ளளவும் 3.6 உவோற்று அழுத்தமும் உடைய கலத்தில் ஏறத்தாழ 32,000 யூல் மின்சத்தி சேமிக்கப்பட்டிருக்கும். தடுப்பார் இன்றி அது வெளிப்படின் ஆடையும் தசையும் வேகும்.

கருவியினுள்ளும் கணக்கு எளிதே. ஓமின் விதிப்படி, முழுதும் மின்னேற்றிய கலத்தின் 4.2 உவோற்றை 0.5 ஓம் தடையுள்ள கம்பிச்சுருளுக்குக் கொடுப்பின் 8.4 அம்பியர் ஓட்டம் பாயும். சுருளின் தடையை 0.1 ஓமாகக் குறைப்பின் 42 அம்பியர் பாயும். அவ்வளவினவாய கலங்களுட் சிறந்தவையும் தொடர்ச்சியாகத் தரவல்லது 20 முதல் 30 அம்பியர் வரையே. ஆவி மிகுதியாக வரவேண்டுமெனச் சுருளைத் தாமே சுற்றிக்கொண்டவர் பலர் இவ்வகுத்தலைச் செய்து பார்த்தவரல்லர். பழைய கலங்களுக்குப் புதிய உறையிட்டுப் பொய்யளவு பொறித்து விற்போரும் பெருகினர். 9,900 மில்லியம்பியர் மணி எனப் பொறித்த 18650 கலங்கள் விற்கப்பட்டன. அக்கொள்ளளவின் பாதியைக்கூட அவ்வளவினதாகிய எந்தக் கலமும் எட்டியதில்லை.

விளைவுகள் பதிவாகியுள்ளன. 2009 சனவரி தொடக்கம் 2016 டிசெம்பர் வரை ஐக்கிய அமெரிக்காவிற் செய்தித்தாள்கள் முதலியவற்றில் வெளியான 195 தீ, வெடிப்பு நிகழ்ச்சிகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிருவாகம் ஆராய்ந்தது. அவற்றுள் 61 நிகழ்ச்சிகள் கருவியோ கலமோ சட்டைப்பையில் இருந்தபோதும், 60 பயன்படுத்தும்போதும், 48 மின்னேற்றும்போதும் நேர்ந்தவை. காயங்கள் 133, அவற்றுள் 38 கடுமையானவை. உருளைவடிவக் கருவியில் வாயு வெளியேறும் வாயில் முனையிலேயே அமைவதால், கருவி எறிகணைபோற் பாயக்கூடும் என அவ்வறிக்கை விளக்கியது. சியற்றில் நகர மருத்துவர்கள் 2015 ஒற்றோபர் முதல் 2016 யூன் வரை இத்தகைய காயங்களோடு வந்த 15 பேருக்குச் சிகிச்சையளித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 80 வீதத்தினர் தீக்காயமும், 33 வீதத்தினர் இரசாயனக் காயமும், 27 வீதத்தினர் வெடிப்புக் காயமும் அடைந்திருந்தனர். 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் ரெக்சாசிலும் வெடித்த கருவிகளால் உயிரிழப்பும் நேர்ந்தது.

சட்டம் முதலில் விழித்துக்கொண்டது விமானத்துறையிலாகும். 2014 ஓகத்தில் பொஸ்ரன் விமானநிலையத்தில் பயணப்பெட்டியொன்றில் இருந்த இலத்திரனியல் சிகரட்டால் தீ மூண்டது. 2015 இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களமும் இக்கருவிகளைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டிகளில் வைத்தலைத் தடைசெய்தன. பயணி தன்னோடு வைத்திருப்பின் தீயை உடன் கண்டு அணைக்கலாம். சரக்கறையில் அது காணப்படாது வளரும் என்பதே நியாயம்.

கலத்தைப் பாதுகாப்பாகக் கையாளல் பற்றி வழங்கும் விதிகளை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கின், அவை தொடர்பற்ற அறிவுரைகளல்ல என்பது புலனாகும். ஒவ்வொன்றும் மின்கலவடுக்கு முன்பு செய்துவந்த பணியொன்றை மனிதன் கையில் ஒப்படைப்பதாகும். தனிக்கலத்தை மூடியுள்ள பிளாத்திக்குப் பெட்டியில் வைத்தலும், உறை கிழிந்த கலத்தை நீக்குதலும் அடுக்கின் வெளியுறை செய்த பணி. உரிய மின்னேற்றியில், கண்காணிப்பில் மின்னேற்றி, நிறைந்ததும் எடுத்தல் பலகை செய்த பணி. மிகையாக இறங்கிய கலத்தில் உள்ளிருக்கும் செப்புத்தகடு கரைந்து பின்னர் உட்குறுஞ்சுற்றுக்கு வழிவகுக்குமாதலால், அதனை மீண்டும் மின்னேற்றாது ஒதுக்குதலும் அதன் பணியே. இரு கலங்களை ஒருங்கே பயன்படுத்துமிடத்து ஒரே வகையும் ஒரே வயதும் உடையனவற்றையே இணைத்தல் தொழிற்சாலை செய்த பணி. சுருளின் தடையை அளந்து ஓட்டத்தைக் கணித்தல் பொறியியலாளர் செய்த பணி. விழுந்து நசுங்கிய கலத்தையும், வெயிலில் நிறுத்திய வாகனத்துள் வெந்த கலத்தையும் நம்பாதிருத்தல் பரிசோதகர் செய்த பணி.

இத்தனை பணிகளையும் கடையிலே கலம் வாங்கிய ஒருவர் ஏற்றுக்கொள்ளல் வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது; அவற்றைக் கற்பிக்கும் கடமையை எவரும் ஏற்கவில்லை. 2021 சனவரியில் அமெரிக்க நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, தனித்து விற்கப்படும் 18650 கலங்களை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாமென நுகர்வோரை எச்சரித்தது. அவை பெரிய அடுக்குகளின் உறுப்புகளாக ஆக்கப்பட்டவையேயன்றித் தனித்துப் பயன்படுத்தற்குரியன அல்ல என அது கூறியது. முப்பதாண்டுகளுக்கு முன் ஆக்குநர் அறிந்திருந்த உண்மையே மக்களுக்கு அன்று அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள் பரவின. அவற்றில் கலம் மீண்டும் உறைக்குள்ளே சென்றது. பயன்படுத்துவோர் அதைத் தொட வேண்டியதில்லை. ஆயின் உள்ளே இலிதியம் கலம் உண்டென்பதையே அறியாது பலர் அவற்றைக் குப்பையோடு எறிந்தனர். ஐக்கிய இராச்சியத்தில் 2023 இல் வாரந்தோறும் ஏறத்தாழ 50 இலட்சம் கருவிகள் எறியப்பட்டன என மெற்றீரியல் போக்கஸ் என்னும் அமைப்பு மதிப்பிட்டது. குப்பை வண்டிகளில் நசுங்கும் கலங்கள் தீ மூட்டலாயின. 2025 யூன் 1 ஆந் திகதி தொடக்கம் அங்கு அக்கருவிகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது.

எக்சொன் ஆய்வுகூடத்தில் தீயை எதிர்நோக்கியவர்கள் அதன் காரணத்தை அறிந்த விஞ்ஞானிகள். பின்னர் அத்தீ, காரணத்தைக் கேட்டறியாத பயன்பாட்டாளரின் சட்டைப்பைக்கு வந்தது. இறுதியில், அப்பொருளால் எவ்வித இன்பமும் பெறாத குப்பைத் தொழிலாளியின் வண்டிக்குச் சென்றது. கலத்தின் இரசாயனம் இவ்வைம்பது ஆண்டுகளிற் பெரிதும் திருந்தியுள்ளது. அதன் காவலை யார் ஏற்பது என்னும் வினாவோ, அறிந்தவரிடமிருந்து அறியாதவரை நோக்கியே படிப்படியாக இறங்கி வந்துள்ளது. கையாளும் விதிகளைக் கற்றல் தனிமனிதனை இன்று காக்கும். பொருளை ஆக்குவோரும் விற்போரும் அதன் முடிவுவரை பொறுப்பேற்கும் முறை நிலைபெறும்போதே இலிதியம் அயன் கலத்தின் காவல் நிறைவுபெற்றதெனக் கொள்ளலாம்.