வயிற்றுப்புண்

இரைப்பை அல்லது முன்சிறுகுடலின் உட்சுவர் அரிக்கப்பட்டு உண்டாகும் புண். மேல்வயிற்று வலியும் எரிச்சலும் இதன் பொதுவான அறிகுறிகள். காரமும் கவலையும் நேரம் தவறிய சாப்பாடுமே காரணம் என்று மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினர்; அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் குடியிருக்காது என்பது அன்றைய துணிபு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1982இல் மருத்துவர் பாரி மார்ஷலுடன் சேர்ந்து அவற்றை வளர்த்தெடுத்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர் பெயர் பெற்ற அக்கிருமியை மார்ஷல் 1984இல் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானது புகழ்பெற்ற கதை. ஆனால் அவருக்குப் புண் வரவில்லை; அதைச் சான்றாக மிகைப்படுத்துவது பொருந்தாது. வலுவான சான்று சிகிச்சையில் கிடைத்தது: அமிலத்தை மட்டும் குறைத்து ஆற்றிய புண், மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பியது, கிருமியை ஒழித்தபின் திரும்புவது அரிதாயிற்று. இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லையே என்பது நியாயமான மறுப்பு. கிருமியின் வகை, உடலின் எதிர்வினை, புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கிருமியே இல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளாலும் புண் உண்டாகும். காரம், பாவம், எரிச்சலைக் கூட்டுவதோடு சரி.