விருத்தாசலம்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்து, பழமலையென்றும் திருமுதுகுன்றமென்றும் முற்காலத்தில் வழங்கிய வட்டத் தலைநகர் விருத்தாசலம். பெயரில் மலையிருப்பினும் ஊரில் மலை காண்பதற்கில்லை.

மூவர் தேவாரமும் பெற்ற பழமலைநாதர் ஆலயம், 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியாரால் கற்றளியாக எடுக்கப்பட்டது. இங்கே பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரென்பது ஐதிகம். ஐந்து பிராகாரங்கள் கொண்ட இவ்வாலயத்தில் பதினெட்டுப் படிகள் கீழிறங்கியே ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்க இயலும். உயர்ந்த மதில்களையுடைய ஆலயமாதலின், கர்நாடக யுத்த காலத்தில் இது கோட்டையாகவும் பயன்பட்டது. 1751-இல் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் படையை இவ்வூர்வரை கொண்டுவந்துவிட்டுச் சிறு காவலுடன் திரும்பிய ஆங்கிலேயக் கம்பெனியாரான கிளைவும் பிகட்டும், வழியில் பாளையக்காரரின் ஆட்களால் தாக்கப்பட்டு, குதிரைகளின் வேகத்தால் உயிர் தப்பினர்.

அயலிலுள்ள மணவாளநல்லூரில், பலிபீட வடிவில் எழுந்தருளியுள்ள முருகன் கொளஞ்சியப்பர். வழக்காடுமன்றத்தில் தீராத குறைகளையும், அங்கே செல்லவே இயலாத குறைகளையும் தாளில் மனுவாக எழுதி, சந்நிதியில் வைத்துப் பூசித்தபின் முனியப்பர் எதிரில் கட்டுவது 'பிராது கட்டுதல்' எனப்படும். குறை தீர்ந்ததும் பிராதை முறைப்படி திரும்பப் பெறவேண்டும். தெய்வத்தின் அலுவலகத்திலும் கோப்பு முடிக்கப்படாமல் கிடப்பதை இவ்வட்டார மக்கள் விரும்புவதில்லை போலும். கொளஞ்சி, கொளஞ்சியப்பன் எனும் பெயர்கள் இங்கே வீட்டுக்கு வீடு வழங்குகின்றன.

இக்காலத்தில் நகரின் கீர்த்திக்குப் பெருங்காரணம் பீங்கான் தொழில். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேலே படிந்துள்ள வெண்களிமண் அண்மையிலேயே கிடைத்தமையால், அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைப் பயிற்றும் கல்வி நிலையமும் இங்கே தோன்றின. களிக்குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் வார்த்தால், அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் ஒரு படலம் கெட்டிப்படும். எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து வடித்துவிட்டு, உலர்ந்ததைச் செதுக்கி மெருகூட்டிச் சூளையிலிடுகின்றனர். சூளையில் உருவம் சுருங்குமாதலால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே அமைப்பர். கொலுப் பொம்மைகளும் ஊறுகாய் ஜாடிகளும் பார்ப்போர் கண்ணைக் கவரினும், தமிழகத்தின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் மின்சாரத்தைத் தாங்கி நின்ற வெள்ளை பியூஸ் கட்டையே இவ்வூரின் நிஜமான தூதன்.

சென்னை–திருச்சி இருப்புப்பாதையும் கடலூர்–சேலம் இருப்புப்பாதையும் இங்கே சந்திக்கின்றன. ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் வெள்ளாற்றை அடுத்துள்ள கருவேப்பிலங்குறிச்சி முதலிய சிற்றூர்களுக்கு இதுவே சந்தையும் கச்சேரியும். முந்திரி, நிலக்கடலை ஆகியவற்றில் புதிய இரகங்களை உருவாக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்நகரில் உண்டு, அவ்விரகங்கள் 'வி.ஆர்.ஐ.' என ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி வெளியூர் வயல்களிலும் விளைகின்றன.